புற்றைப் பார்த்து வளை கட்டிய சிலும்பி

செம்மண் காட்டின் ஓரத்தில் சிலும்பி என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் கூரனும் ஒரு வளை தோண்டிக் குடியிருந்தார்கள். வளைக்கு ஒரே ஒரு வாசல்தான். அந்தக் காட்டு முள்ளம்பன்றிகளின் வழக்கம் அது. தாங்களே காவல் படுக்கும் வாசலைத் தவிர எங்கே ஓட்டை தெரிந்தாலும் உடனே மண்ணை அப்பி அடைத்துவிடுவார்கள். பாம்புப் பயம்.

போன சித்திரையில் அந்த வளையில் ஒரு குட்டி பிறந்தது. வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை. குட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு திறக்கவேயில்லை. இப்போது பங்குனி. சிலும்பிக்கு மறுபடியும் வயிறு கனத்திருந்தது. அடுத்த வெயிலுக்கு இந்தக் குட்டியையும் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அவளுக்குத் தூக்கமே போய்விட்டது.

முள்ளம்பன்றிகள் பகலில் தூங்குகிற சாதி. கூரன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவள் மட்டும் வெளியே அலைந்துகொண்டிருந்தாள். எதிரே ஒரு கறையான் புற்று இருந்தது. மூன்று முயல்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றாலும் எட்டாத உயரம். அதன் ஒரு பொந்தில் யாரையும் கேட்காமலே குடியேறிவிட்ட உடும்பு ஒன்று, உச்சிவெயிலில் சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது. உடம்பில் ஒரு வாட்டம் இல்லை.

"உள்ளே வேகலையா அண்ணே?" என்று கேட்டாள் சிலும்பி.

வேகவா, உள்ளே குளுகுளு என்று இருக்கிறது என்றது உடும்பு. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, தனக்குத் தூங்கத்தான் தெரியும், காரணமெல்லாம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. சிலும்பி பொந்துக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். நிஜமாகவே குளிர்ந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்குள் ஒரு ஆசை துளிர்த்தது. இதே மாதிரி ஒன்று நம் வளைக்கும் கட்டினால் என்ன?

கூரனை எழுப்பினாள். அவன் முணுமுணுத்தாலும் வேலைக்காரன். இருவரும் வளையின் கூரையைத் திறந்து, அதன்மேல் மண் குழைத்து உள்ளே கூடான ஒரு கோபுரம் எழுப்பினார்கள். அதே செம்மண், அதே உயரம், அதே கோணல்மாணல். சிலும்பி புற்றுக்கும் வளைக்கும் நூறு நடை நடந்து, எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். பன்னிரண்டு நாள் ஆயிற்று. பழக்கதோஷத்தில் கடைசி நாள் சுற்றிவந்து, கண்ணில் பட்ட ஓட்டையையெல்லாம் அடைத்து, பளபளவென்று மெழுகியும் விட்டாள்.

மறுநாள் மத்தியானம் வளைக்குள் இட்லி அவிக்கலாம் போலிருந்தது. முன்பாவது வெறும் சூடு. இப்போது கோபுரம் வாங்கிய வெயிலும் சேர்ந்து உள்ளே இறங்கியது. கூரன் வெளியே வந்து மூச்சு வாங்கினான். "அது கறையான் வீடு, இது நம்ம வீடு. பேசாம இதை இடிச்சுடுவோம் புள்ள" என்றான். சிலும்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குட்டி பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை.

ஆனால் அவள் இடிக்கவில்லை. நேரே புற்றுக்குப் போனாள். பக்கவாட்டில் ஒரு சிறு துவாரத்தின் விளிம்பில், வெயில் படாமல் உள்பக்கமாக நின்று ஒரு கறையான் மண் உருட்டிக்கொண்டிருந்தது.

"இந்தப் புற்றைக் கட்டின மேஸ்திரி யாரும்மா? அவரைப் பார்க்கணும்."

"மேஸ்திரியா? அப்படி யாரும் இங்கே இல்லையே" என்றது கறையான். "நான் இந்த ஓட்டைக்காரி. உள்ளே சூடு ஏறினா மண்ணை எடுப்பேன். குளிர் ஏறினா மண்ணை வைப்பேன். எங்கம்மா காலத்திலிருந்து இதான் வேலை. மத்தது மத்தவங்களைக் கேளுங்க."

மற்றவர்களையும் கேட்டாள். ஒருத்தி சுவர்க்காரி, ஒருத்தி தண்ணீர்க்காரி. லட்சம் பேர் சேர்ந்து கட்டிய வீடு. ஒருத்தருக்கும் முழு வீடு தெரியவில்லை! சிலும்பிக்குச் சிரிப்பாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. ஆனால் ஓட்டைக்காரி சொன்னது மட்டும் மனத்தில் தைத்துக்கொண்டது. புற்றுக்கு நூறு நடை நடந்தவள், ஓட்டைகளை மட்டும் பார்க்கவேயில்லை. அவள் கண்ணுக்கு ஓட்டை என்றால் அடைக்கவேண்டிய இடம், அவ்வளவுதான்.

சொல்ல ஆளில்லை என்றால் நாமே பார்த்துக்கொள்வோம் என்று உட்கார்ந்துவிட்டாள். இலவ மரத்தடியில் கிடந்த பஞ்சைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஓட்டைக்கு முன்னாலும் ஒரு துணுக்கை வைத்தாள். அடியில், நிழலில் இருந்த ஓட்டை பஞ்சை உள்ளே இழுத்தது. உச்சியில் இருந்த ஓட்டை பஞ்சை வெளியே துப்பியது. காலையில் மெதுவாக, வெயில் ஏற ஏற வேகமாக. நான்கு நாள் தூக்கத்தை விட்டு இதே வேலை. நாலாம் நாள் சாயங்காலம் அவளுக்கு விளங்கிவிட்டது. சூடான காற்று மேலே ஏறிப் போகிறது. அது போகிற வேகத்தில், கீழே ஈரமண்ணில் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வருகிறது. கோபுரம் வெறும் புகைபோக்கி. அதன் வாயைத்தான் அவள் மெழுகி மூடியிருந்தாள்.

ஓடிவந்து விஷயத்தைச் சொன்னாள். கோபுர உச்சியில் ஒரு ஓட்டை, புதர் நிழலில் தரையோடு ஒரு ஓட்டை போடவேண்டும் என்றாள். கூரனின் முட்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டன. அவன் அண்ணன் பாம்பு கடித்துச் செத்தவன்.

"வெயில்ல ஒண்ணு போச்சு, சரி. பாம்புக்கு ஒண்ணைக் கொடுக்கச் சொல்றியா?" என்றான்.

அவன் பயம் பொய்யில்லை என்று சிலும்பிக்குத் தெரியும். கறையானுக்கு ஓட்டை தினை அளவு போதும். முள்ளம்பன்றியின் பெரிய வளைக்குப் பாம்பு நுழைகிற அளவு வேண்டும். இதற்குப் புற்றில் பதில் இல்லை. அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு வளைக்குள் உதிர்ந்து கிடந்த தங்கள் முட்களைப் பொறுக்கினாள். புதர் நிழலில் கீழ் ஓட்டையைத் தோண்டி, அதில் குறுக்கும் நெடுக்குமாக, கூர்முனை வெளியே பார்க்க நட்டாள். காற்று வரலாம், பாம்பு வரமுடியாது. கூரன் தன் மூக்கை வைத்து அழுத்திப் பார்த்து, "ஐயோ" என்று பின்வாங்கினான். பிறகு கோபுர உச்சியைத் திறந்து, மேல் ஓட்டைக்குத் தானே முள் நட்டான்.

மூன்றாம் நாள் ஒரு சாரைப்பாம்பு புதரோரம் வந்தது. ஓட்டையை முகர்ந்தது, தலையை நுழைத்தது, குத்து வாங்கிக்கொண்டு வந்த வழியே போனது. கூரன் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டான்.

குட்டி அக்னி நட்சத்திரத்தில் பிறந்தது. வெளியே பாறையில் கால் வைக்க முடியவில்லை. மத்தியானம் ஆக ஆக சிலும்பி பாலூட்டக்கூட மறந்து, அதன் மார்பு ஏறி இறங்குகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள். கூரனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

திடீரென்று குட்டி உடம்பைச் சுருட்டிக்கொண்டு தும்மியது. ஒன்று, இரண்டு, மூன்று தும்மல். அக்னி வெயிலில் அந்தக் குட்டிக்குக் குளிரெடுத்துவிட்டது! சிலும்பி சிரித்துக்கொண்டே அழுதாள். கூரன் எழுந்து போய், கொஞ்சம் ஈரமண் எடுத்துக் கீழ் ஓட்டையைப் பாதி மூடிவிட்டு வந்தான்.

பிறர் செய்ததன் உருவத்தை மட்டும் பார்த்துச் செய்தால் பொம்மைதான் மிஞ்சும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று பொறுமையாகப் பார்த்துத் தன் தேவைக்கு மாற்றிக்கொள்பவருக்கே அது உதவும்.