மகாராஜா கனவுல பாத்த ரூமு

ரொம்ப நாளைக்கு முன்னால, ஆத்தங்கரையில மேகமங்கலம்னு ஒரு சீமை. சிங்காரவர்மன்னு ஒரு ராஜா அதை ஆண்டுக்கிட்டிருந்தாரு. அவருக்கு ஒரே பித்து, அரமனைக்குள்ள எல்லாம் புதுசா இருக்கணும். அதுக்குன்னே ஒரு அதிகாரி, உத்தண்டியாரு. மூக்காலதான் பேசுவாரு.

"மகாராஜாங்ங், இந்த வருஷம் எங்கேயும் சாம்பல் கலருதாங்ங். மூலை வச்ச மேசையெல்லாம் பழசுங்ங்"ம்பாரு.

உடனே சுவரெல்லாம் சாம்பலாயிடும், மேசையெல்லாம் உருண்டையாயிடும். ராஜா படுக்கணும்னா தலகாணிக் குவியலைத் தள்ளிக் கட்டிலைத் தேடணும்.

ஒரு நாள் பழைய கட்டிலைத் தூக்கிட்டாங்க. கப்பல்ல வர்ற புதுக் கட்டிலு இன்னும் வரல. ராஜா மத்தியானம் சாப்பிட்டுட்டு, ஆத்தைப் பாத்த ஜன்னலடியில பாய விரிச்சுப் படுத்தாரு. எந்திரிச்சு நேரா சபைக்கு வந்தாரு, கண்ணு சொக்கினபடியே.

"கனவுல ஒரு ரூமு பாத்தேன்யா. சுவரு தண்ணியாட்டம் ஓடுது. கட்டிலு மேகமாட்டம் மிதக்குது. விளக்கு தானா பறந்து வந்து பக்கத்துல உக்காருது. அந்த ரூமு எனக்கு வேணும்."

உத்தண்டியாருக்கு மந்திரி மருதாயியக் கண்டாலே வயித்தெரிச்சல். "நம்ம மந்திரியம்மா மூளைக்கு இதெல்லாம் ஒரு வேலையாங்ங்"ன்னு கோத்துவிட்டாரு.

"பௌர்ணமிக்குள்ள செஞ்சு காட்டு மருதாயி. இல்லேன்னா நாட்டை விட்டே கிளம்பு"ன்னுட்டாரு ராஜா.

மருதாயி ராஜா மூஞ்சியவே பாத்தா. கன்னத்துல கோடு கோடா பாயோட அச்சு. "சரிங்க மகாராஜா"ன்னா.

பௌர்ணமியன்னிக்கு மத்தியானம் ராஜாவுக்கு வயிறார தயிர்சோறு போட்டு, அன்னிக்கு அவரு பாய் போட்டுப் படுத்த அதே ரூமுக்குக் கூட்டிட்டுப் போனா. சபையே பின்னால வந்துச்சு. உள்ள புதுக் கட்டிலு இல்ல, மேசை இல்ல. ஜன்னலடியில ஒரு பாய்.

"காலி ரூமுங்ங். அம்மாவ மூட்டை கட்டச் சொல்லுங்ங்."

"மகாராஜா படுத்துப் பாத்துட்டுச் சொல்லட்டும்"னா மருதாயி.

ராஜா படுத்தாரு. ஆத்துக் காத்து வந்துச்சு. தண்ணியில பட்ட வெயிலு சுவத்துல நெளிஞ்சு நெளிஞ்சு ஓடுச்சு. ராஜாவுக்குக் கண்ணு மெல்ல மூடிக்கிச்சு. ரொம்ப நேரம் கழிச்சு எந்திரிச்சாரு.

"அதே ரூமு. விளக்கு என் தோள்லயே வந்து உக்காந்துச்சு."

"அந்த ரூமுக்குச் சாமான் கொண்டு வர்றது தூக்கந்தாங்க மகாராஜா. இவரு அடைச்சு வச்சதுல அதுக்கு உள்ள வர வழியில்ல"ன்னு உத்தண்டியாரைக் காட்டினா மருதாயி.

"இந்தப் பாய்ல ஏதோ வித்தைங்ங்"ன்னாரு உத்தண்டியாரு.

"நீரும் படும்"னாரு ராஜா.

படுத்தாரு. கண்ணு கொட்டக் கொட்ட முழிச்சாரு.

"என்னய்யா தெரியுது?"

"மேல உத்தரக்கட்டை தெரியுதுங்ங். பழைய மாதிரிங்ங், மாத்திரலாங்ங்."

ராஜா சிரிச்ச சிரிப்புல சபையே குலுங்கிச்சு. வாங்கின சாமான் மொத்தத்தையும் உத்தண்டியாரு வீட்டுக்கே ஏத்தி அனுப்பிட்டாரு. அன்னியிலேருந்து அவரு சொந்த அடுப்பங்கரைக்கு மெத்தை மேல ஏறி இறங்கித்தான் போகணும்.

"உன்னைய நாடு கடத்தப் பாத்தேனே. என்ன வேணும் கேளு தாயி."

"ஒண்ணும் வேணாங்க. எல்லாரும் கொஞ்சம் வெளிய போனா போதும். நாளெண்ணிக் கெடந்ததுல நான் கண்ணே மூடல"ன்னு மருதாயி பாயில சாஞ்சா.

ராஜா செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சத்தமில்லாம வெளிய நடந்தாரு.