பதினோராம் ஷரத்து

இந்தக் கதையில் மூன்று பேர் வாதாடுகிறார்கள். கெட்டவர் யாருமில்லை, சிக்கலே அதுதான். அவசரப்படாமல் படியுங்கள்.

பாளையங்கோட்டையில் சங்கரவடிவும் உலகம்மாளும் அடுத்தடுத்த வீட்டுக்காரிகள். சேர்ந்து இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு விற்றார்கள். ஒரு மருத்துவமனை கேன்டீனுக்கு மாவு கொடுக்க ஒப்பந்தம் கிடைத்ததும், தொழிலைப் பதிவு செய்ய ஆடிட்டர் ஜெபமணியிடம் போனார்கள்.

அவர் பொறுமையாக விளக்கினார். ஒருத்தி பெயரில் மட்டும் நடத்தினால் தனி உரிமை. நல்லது கெட்டது எல்லாம் அவள் தலையில். பத்திரம் எழுதிச் சேர்ந்து நடத்தினால் கூட்டு நிறுவனம். பிரைவேட் லிமிடெட் என்றால் சட்டத்தின் கண்ணில் கம்பெனியே தனி ஆள். பங்குதாரர் போனாலும் அது இருக்கும். ஆனால் வருஷா வருஷம் தணிக்கை, தாக்கல் என்று செலவு இழுக்கும்.

செலவுக்குப் பயந்து இருவரும் கூட்டு நிறுவனமே போதும் என்றார்கள்.

“அப்போ மூணாவதா ஒருத்தரச் சேத்துக்கிடுங்க. உலகம்மா வீட்டுக்காரரே போதும்,” என்றார் ஜெபமணி.

“மூணு பேரா ஒரு காரியத்துல எறங்குனா வெளங்காது சார்,” என்றாள் உலகம்மாள். பெண் பார்க்கக்கூட மூன்று பேராகப் போகாத குடும்பம் அது. “ஒருவர் இறந்தாலும் நிறுவனம் தொடரும்” என்று பதினோராம் ஷரத்தாக எழுதிவிடச் சொன்னாள். ஜெபமணி தலையைச் சொறிந்துகொண்டே எழுதிக் கொடுத்தார். அவரையும் நாலு வார்த்தை திட்டத்தான் வேண்டும்.

நான்காம் வருஷம் உலகம்மாள் மாரடைப்பில் போய்விட்டாள். சங்கரவடிவு மறுநாளே அரிசியை ஊறப்போட்டாள். அவளுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. யாராவது பேசினால் சற்றுக் கழித்துத்தான் காதில் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க, திங்கட்கிழமைக்குள் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்து வேண்டும். தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த மாவை நம்பி ஆறு பெண்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

மூவரும் ஆடிட்டர் அறையில் உட்கார்ந்தார்கள்.

“அவ பங்கு எனக்குத்தானம்மா. இனி நானும் கூட்டாளி. ரெண்டு பேருமாப் போடுவோம்,” என்றார் உலகம்மாளின் கணவர் ஆவுடையப்பன்.

“பதினோராம் ஷரத்து இருக்கு அண்ணாச்சி. நான் ஒருத்தி போட்டாலே செல்லும்,” என்றாள் சங்கரவடிவு. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

“யாரும் போட முடியாது. அந்த நிறுவனமே இப்ப இல்ல,” என்றார் ஜெபமணி.

சட்டப்படி இந்த மூவரில் யார் சொன்னது சரி? விடையைப் படிக்குமுன் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

விடை: ஜெபமணி சொன்னதுதான். கூட்டு என்றால் குறைந்தது இருவர் வேண்டும். மூவரில் ஒருவர் போயிருந்தால் பதினோராம் ஷரத்து காப்பாற்றியிருக்கும்; இருவரில் ஒருவர் போனால் எந்த ஷரத்தும் காப்பாற்றாது. உலகம்மாளின் பங்குக்கு உரிய மதிப்பு வாரிசுகளுக்குச் சேரும். கூட்டாளி என்ற இடம் தானாகச் சேராது. சங்கரவடிவும் ஆவுடையப்பனும் இசைந்தால் புதுப் பத்திரம் எழுதிக்கொள்ளலாம். அப்படியே எழுதினார்கள், மருத்துவமனையும் ஒத்துக்கொண்டது. ஆனால் பழைய நிறுவனம் கலைந்ததைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டுமே. அந்தப் படிவத்தில் ‘கலைந்த தேதி’ என்ற இடத்துக்கு வந்ததும் சங்கரவடிவின் கை நின்றுவிட்டது. அதுவரை அவளுக்கு உலகம்மாள் எங்கோ ஊருக்குப் போயிருப்பதாகவே இருந்தது. ஆவுடையப்பன் மெல்லத் தேதியைச் சொன்னார். அவள் எழுதினாள்.