வெடிக்காய்ச் செடி

"வேண்டாம்னப்ப வீடு பூரா முளைச்சுது. வேணும்னதும் ஒண்ணுகூட வரமாட்டேங்குது. இது என்னம்மா நியாயம்?"

கேட்டவர் மாசானமுத்து. வயது ஐம்பத்தாறு. அவருடைய குரு இசக்கியம்மைக்கு முப்பத்தெட்டு. ஆற்றங்கரைக் குடிசைக்கு யார் என்ன கேட்டு வந்தாலும், தோன்றினால் பதில் சொல்வாள். தோன்றாவிட்டால் களை பிடுங்கப் போய்விடுவாள்.

"எதச் சொல்றீங்க அண்ணாச்சி?"

"வெடிக்காய்ச் செடி. ஊதாவாப் பூக்குமே, அது. எம் பொண்டாட்டி முற்றத்துல வெச்சா. செங்கலைப் பதிச்சு, இதுக்குள்ளதான் நிக்கணும்னேன். நின்னாத்தானே? வாசப்படியில வருது, கிணத்தடியில வருது. போன ஆடியில கிழங்கோட தோண்டி எறிஞ்சேன்."

"மதினி என்ன சொன்னாங்க?"

"அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. முற்றம் பழையபடி பூத்தா வாரேன்னு பெறவு சொல்லி விட்டிருக்கா."

பத்து மாதமாக அவரேதான் பொங்கிச் சாப்பிடுகிறார். அது சோறா கஞ்சியா என்று அவருக்கே சந்தேகம்.

"விதை எப்படிப் போட்டீங்க?"

"முத்தினா வெடிச்சுச் சிதறிருமே! அதான் ரோட்டோரத்துல பச்சையாவே பறிச்சேன். நகத்தால பிரிச்சு, சாண் இடைவெளி விட்டு, வரிசையா ஊணுனேன். மூணு தடவை."

இசக்கியம்மை எழுந்து போனாள். காய்ந்த காய் ஒன்றைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சொம்பில் விரலை நனைத்து, அதன்மேல் ஒரு சொட்டு விட்டாள்.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

டப்!

ஒரு விதை அவர் மூக்கில் அடித்தது. மற்றவை எங்கே போயினவோ! மாசானமுத்து வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதமாகிவிட்டது.

அடுத்த நிமிடமே மண்டியிட்டுத் தரையைத் துழாவ ஆரம்பித்தார்.

"என்ன தேடுறீங்க?"

"எங்கெங்க விழுந்துச்சுன்னு பாக்கணும்லா?"

"பாத்து?"

"பொறுக்கி, செங்கலுக்குள்ள..."

கை அப்படியே நின்றுவிட்டது.

அவர் நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"நான் என்னம்மா செய்யணும்?"

அவள் ஒரு கை நிறையக் காய்ந்த காய்களை அள்ளி, அவர் துண்டில் முடிந்து கொடுத்தாள்.

"முற்றத்துல வீசி, தண்ணியத் தெளிச்சிட்டு உள்ள போயிருங்க."

"போயி?"

"கதவ மட்டும் சாத்திராதீங்க."