முந்திரிக்கொத்துப் பரீட்சை

கடலோரக் குப்பத்துக்குப் பள்ளிக்கூடம் கேட்டு அமலி நடையாய் நடந்ததில், ஒருநாள் குழந்தைக் கல்வி நிபுணர் தணிகாசலமே காரில் வந்து இறங்கினார்.

“பொறுமையில்லாத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. வெளிநாட்டில் கண்டுபிடிச்ச சோதனை, எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பொருந்தும்!” என்று முழங்கியவர், அமலியின் ஐந்து வயது மகள் ரூபியின் முன் ஒரு தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் ஒன்றை வைத்தார். “நான் மணி அடிக்கிறவரைக்கும் தின்னக்கூடாது. பொறுத்திருந்தா ரெண்டு கிடைக்கும். தின்னுட்டா, இந்த ஊருக்குப் பள்ளிக்கூடமே கிடையாது!”

ரூபி தட்டை அவர் பக்கமே தள்ளினாள்.

“வந்தவங்க சாப்பிடாம நாங்க வாயில வைக்கமாட்டோம் சார். நீங்க சாப்பிடுங்க.”

வெல்லமும் ஏலக்காயும் மூக்கைத் துளைத்தன. காலையில் வெறும் காப்பியோடு கிளம்பி வந்த நிபுணர், “நல்ல வளர்ப்பு!” என்று மெச்சியபடியே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ரூபி அவர் பக்கத்தில் இருந்த மணியைப் பார்த்தாள். “நீங்க இன்னும் மணியே அடிக்கலியே சார்? பொறுத்திருந்தா ரெண்டு கிடைச்சிருக்குமே!”

கூடி நின்ற ஊரே கொல்லென்று சிரித்தது. அமலி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி நின்றாள்.

“பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுங்க சார். மொத பெஞ்சுல உங்களையே உக்கார வைக்கோம்!”