சென்னியப்பன் வாங்கிய ஐம்பத்திநாலு

எங்கள் பேக்கரிக்குச் சாயங்காலம் நாலரைக்கு டீ குடிக்க வருகிறவர்களில் பொய் சொல்லாதவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. மற்றவர்களெல்லாம் அவரவர் சக்திக்குத் தகுந்தபடி புளுகுவோம். பம்புசெட்டுக் கடை சென்னியப்பன் மட்டும் தனி ரகம். ஊரில் எல்லோரும் தன்னை உயர்த்திப் புளுகினால், இவர் தன்னை மட்டம் தட்டிப் புளுகுவார். அதிலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பார்.

போன செவ்வாய்க்கிழமை தேங்காய் பன்னைப் பிய்த்தபடி ஆரம்பித்தார். "இந்தக் கோயமுத்தூர் ஜில்லாவுல என்னைவிட மோசமா கோல்ஃப் ஆடறவன் ஒருத்தனைக் காட்டுங்க. கடையை எழுதிக் குடுத்துடறேன்."

"ஜில்லாவுல ஆடறவங்களே எரநூறு பேருதான்" என்றார் ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் நஞ்சப்பன்.

"எரநூறு கோடிப் பேரு ஆடுனாலும் கடைசி எடம் எனக்குத்தானுங்க மாஸ்டர்."

இந்த வயதில் அவருக்கு ஏன் இந்த வேலை என்று எங்களுக்குத் தெரியும். எல்லாம் சம்பந்தியால் வந்தது. மகளைக் கொடுத்த இடத்தில் சம்பந்தி டாக்டர் கந்தவேல், எலும்பு வைத்தியர், இருபது வருஷமாகக் கோல்ஃப் ஆடுகிறவர். அவருடைய புதுவீட்டு கிரகப்பிரவேசத்தில் சிநேகிதர்களெல்லாம் அந்த ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, சென்னியப்பன் கையில் மிக்சர் தட்டோடு நடுவில் உட்கார்ந்திருந்தாராம். பேச்சில் கலந்துகொள்ள ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார். "விடுங்க சம்பந்தி, உங்களுக்கு அது புரியாது" என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

"அத்தனை பேருக்கு முன்னாடி அப்படிச் சொன்னது எனக்கு ரொம்ப வலிச்சுதுங்க" என்றார் சென்னியப்பன். "பொண்ணைக் குடுத்தவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அவரோட ஒரே போட்டியில நின்னு அவரை ஜெயிக்கோணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். அம்பத்தெட்டு வயசுல போய் ஸ்டிக்கு வாங்குனேன்."

போட்டியில் சேர ஹேண்டிகேப் என்று ஒரு எண் வேண்டும். மூன்று ஆட்டம் ஆடி, கூட ஆடினவர் அடிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்ட அட்டையைக் கிளப்பில் கொடுத்தால், கமிட்டி பார்த்து எண்ணைத் தரும்.

"எனக்கு எண்ணறதுக்கு வந்த மனுசன் புதுப் பென்சிலோட வந்தாருங்க. மொதக் குழிக்கு அறுபத்தி மூணு அடி. நாலாவது குழி முடியறப்ப பென்சில்ல ரப்பர் மட்டும்தான் மிச்சம். அஞ்சாவதுல பந்து மணல் பள்ளத்துல விழுந்துருச்சு. அடிக்கறேன், அடிக்கறேன், மணல்தான் வெளிய வருது. நிமிந்து பாத்தா ஆகாசம் ரூபாய்க் காசு அளவுக்குத் தெரியுது. முப்பது அடி ஆழம் போயிட்டேன்."

"ஏணி வெச்சு ஏத்துனாங்களா?" என்றார் மாஸ்டர்.

"கேளுங்க. ஆயிரத்தி எரநூறு அடி போர் போட்டாலும் புழுதி மட்டும் கெளம்பற பூமி அது. அங்க என் காலுக்கடியில ஊத்து. தொழில்காரன் சும்மா இருப்பேனா? கடைக்கு போன் போட்டு அஞ்சு எச்.பி. மோட்டாரைக் கொண்டாரச் சொல்லி எறக்கிட்டேன். இன்னிக்கு அந்த மைதானத்துல புல்லு பச்சையா இருக்குதுன்னா என் ஆட்டந்தான் காரணம்."

"பந்து எப்படி மேல வந்துச்சுங்க?" என்று நான் கேட்டேன்.

"மோட்டார் போட்டதும் தண்ணியோட வந்துருச்சு. அதையும் ஒரு அடின்னு எழுதிட்டாங்க, அதுதான் அநியாயம்."

அடுத்து நடந்தது மட்டும் சத்தியமான உண்மை. நாங்களே கண்ணால் பார்த்தோம். கமிட்டி அவருக்கு ஐம்பத்திநாலு கொடுத்தது. சம்பந்திக்கு ஒன்பதுதான். சென்னியப்பனோ மார்க்கு என்றால் கூடக் கூடப் பெருமை என்று வளர்ந்த மனிதர். ஒன்பதெங்கே, ஐம்பத்திநாலெங்கே என்று பூரித்துப்போய் மைசூர்பாகு வாங்கித் தெரு முழுக்கக் கொடுத்தார். அதோடு நின்றிருக்கலாம். 'ஹேண்டிகேப் 54 பெற்றுக் கோவைக்குப் பெருமை சேர்த்த எங்கள் முதலாளியை வாழ்த்தி வணங்கும் கடை ஊழியர்கள்' என்று பத்துக்கு எட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் அடித்து, சிக்னல் பக்கத்தில் கட்டிவிட்டார். படத்தில் இவர் ஸ்டிக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

கோல்ஃபில் ஆட்டம் எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய எண் தருவார்கள். அடித்த அடிகளிலிருந்து அந்த எண்ணைக் கழித்துக்கொள்ளலாம். ஐம்பத்திநாலுக்கு மேல் கொடுக்கச் சட்டமே கிடையாது. இதை மாஸ்டர்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதற்குள் டாக்டர் அந்த வழியாகப் போய், ஃப்ளெக்ஸைப் பார்த்து, சிரிப்பு அடங்காமல் காரை ஓரங்கட்டிவிட்டார். "அப்பா, அதைக் கழட்டுங்கப்பா" என்று மகள் போனில் அழுதாள்.

"மூணு நாள் சோறு எறங்கலீங்க" என்றார் சென்னியப்பன். "அப்பறம் யோசிச்சேன். அம்பத்திநாலு அடி கழிவு கைல இருக்கறப்ப எதுக்குப் பயம்? போன ஞாயித்துக்கிழமை மலை மேல நடந்த போட்டிக்கே போயிட்டேன். நானும் சம்பந்தியும் ஒரே குரூப்பு. மூணாவது குழியில நான் அடிச்ச பந்து ஒரு காட்டெருமையோட ரெண்டு கொம்புக்கு நடுவுல போய் ஒக்காந்துக்குச்சு. பந்து கெடக்கற எடத்துல இருந்துதான் அடிக்கோணும். எருமை முன்னால நடக்குது, நான் ஸ்டிக்கைத் தூக்கிட்டுப் பின்னாலயே போறேன். அது நேராக் கொடி நட்ட எடத்துக்குப் போய்க் குனிஞ்சு புல்லு மேஞ்சுது பாருங்க, பந்து உருண்டு குழிக்குள்ள. ஒரே அடிதான்."

"எருமைக்கு எவ்வளவு ஹேண்டிகேப்புங்க?" என்றார் மாஸ்டர்.

"என்னைவிடக் கம்மிதான் இருக்கும். ஏழாவது குழி ரோட்டோரம். நான் அடிச்சது பஸ் ஜன்னலுக்குள்ள போயிருச்சு. மேட்டுப்பாளையம் பஸ். பதினாலு கொண்டை ஊசி வளைவையும் பந்து எறங்கிருச்சு. கண்டக்டர் நல்ல மனுசன். அரை டிக்கெட் கிழிச்சு, ஜன்னலோர சீட்டுல வெச்சு, மறு டிரிப்புல மேல கொண்டாந்தாரு. திருப்பத்துல டிரைவர் ஒடிச்ச ஒடியில பந்து வெளிய குதிச்சுக் குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்னுருச்சு."

டீ மாஸ்டர் பால் பொங்குவதைக் கவனிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆனா நான் ஜெயிச்சது பஸ்ஸாலயும் இல்ல, எருமையாலயும் இல்லீங்க" என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஆட்டத்துல என் அடியை சம்பந்திதான் எண்ணி எழுதோணும். கண்ணெடுக்காம என்னையே பாக்கோணும். என் ஆட்டம் தொத்து வியாதிங்க. பத்தாவது குழியில அவரு இடுப்பு என்னை மாதிரியே கோணிக்குச்சு. பன்னெண்டாவதுல பந்தை விட்டுட்டுப் புல்லை வெட்டறாரு. பதினஞ்சாவதுல கை நழுவி, பந்தைவிட ஸ்டிக்கு தூரமாப் போச்சு. எலும்பு டாக்டரு, தன்னோட எலும்பு தன் பேச்சைக் கேக்கலையேன்னு தரையில ஒக்காந்துட்டாரு. 'சம்பந்தி, எனக்கும் இது புரியலீங்க'ன்னு சொன்னாரு பாருங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு."

"கணக்கைச் சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

"நான் நூத்தித் தொண்ணூறு, அவரு நூத்தி அம்பது. எனக்கு அம்பத்திநாலு கழிச்சா நூத்தி முப்பத்தாறு. அவருக்கு ஒம்பது கழிச்சா நூத்தி நாப்பத்தொண்ணு. அஞ்சு அடியில ஜெயிச்சேன்."

"கப்பு எங்கீங்க?"

"பேரு பொறிக்கக் குடுத்திருக்குது. என் பேருல எழுத்து ஜாஸ்தி, நாளாகுமாம்."

அப்போது பேக்கரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டாக்டர் கந்தவேல் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தார்.

"சம்பந்தி, இங்கிருக்கறீங்களா? உங்க கடைக்குப் போயிட்டுத்தான் வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை மலைப் போட்டிக்கு லிஸ்ட்டு வந்துருச்சு. ஆறரைக்கு நீங்களும் நானும் ஒரே குரூப்பு. விடியால மூணு மணிக்கு என் கார்லயே கூட்டிட்டுப் போயிடறேன். மொதப் போட்டி, பயப்படாதீங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சென்னியப்பனையே பார்த்தார்.

"அப்ப, போட்டி இன்னும் நடக்கவே இல்லீங்களா?"

"ஆடி முடிச்சுட்டு வந்தா இப்படிச் சொல்ல முடியுமாங்க மாஸ்டர்?" என்றார் சென்னியப்பன். "அதான் முந்தியே சொல்லிக்கிட்டேன்."