சடையனும் இடது கால் செருப்பும்

ஒரு காட்டில் ஒரே ஒரு சுனை இருந்தது, குழந்தைகளே. அதற்குப் போக ஒரே ஒரு பாதை. அந்தப் பாதையை மறித்துக்கொண்டு, சடையன் என்ற நாய் தன் சொத்துகளோடு படுத்திருந்தது. என்ன பெரிய சொத்து? சதையில்லாத ஓர் எலும்பு, காற்றுப் போன ஒரு பந்து, பிய்ந்த செருப்பு ஒன்று. அதுவும் இடது கால் செருப்பு.

பத்தடி தூரத்தில் யார் வந்தாலும், "உர்ர்... அது என் செருப்பு" என்று பல்லைக் காட்டும். வைக்கோல்போர் நாய்க்கு இது சொந்தத் தம்பியாக இருக்க வேண்டும்.

கோடை வந்தது. மற்ற குட்டைகள் எல்லாம் வற்றிவிட்டன. செம்பி என்ற கீரியின் மூன்று குட்டிகளும் கள்ளிப்பழச் சாற்றை உறிஞ்சி நாளை ஓட்டின. அவற்றின் வறண்ட நாக்கைப் பார்த்துப் பார்த்துச் செம்பிக்கு வயிறு எரிந்தது.

"இவனுக்கெல்லாம் இடம் கொடுக்கக் கூடாது, செம்பி. பிடுங்கினால்தான் யார் பெரியவன் என்று புரியும். பார்த்துக்கொண்டே இரு" என்றது நரி.

நரி பாய்ந்து பந்தைக் கவ்வியது. சடையன் பாய்ந்து நரியின் வாலைக் கவ்வியது. வால் முடியில் பாதியைப் பறிகொடுத்து, பந்தையும் போட்டுவிட்டு ஓடிவந்த நரி, "கொஞ்சம் பயந்துவிட்டான்" என்றது.

அன்றிலிருந்து சடையன் முப்பதடி தூரத்திலேயே உறுமத் தொடங்கியது.

மறுநாள் காலை செம்பி சந்தைப் பாதைக்குப் போய், கூடைகளிலிருந்து சிந்திக் கிடந்த நெத்திலிக் கருவாட்டைப் பொறுக்கி வந்தது. முப்பத்தோராவது அடியில் நின்று ஒரு நெத்திலியை வீசியது. உடனே திரும்பி நடந்தது.

"ஏய், உனக்கு என்ன வேணும்?" என்றது சடையன்.

"ஒன்றும் வேண்டாம், அண்ணே. வர்றேன்."

எதுவும் கேட்காமல் போகிறாளே என்று சடையனுக்குக் குழப்பமாகிவிட்டது. செம்பி நாளுக்கு நாள் சில அடிகள் நெருங்கி வந்தது. ஐந்தாம் நாள், சடையன் உறுமும் முன்பே அதன் வால் ஆடிவிட்டது. சடையன் திரும்பித் தன் வாலை முறைத்தது.

ஒன்பதாம் நாள் செம்பி ஒரு நெத்திலியை நீட்டியபடி செருப்பின்மேல் கை வைத்தது. "அண்ணே, இதைக் கொஞ்சம் எடுத்துக்கவா?"

சடையனுக்கு முதுகு முடி சிலிர்த்தது. செருப்பைப் பார்த்தது, கருவாட்டைப் பார்த்தது. மூக்கு ஜெயித்தது. அது தின்று முடித்ததும் செம்பி செருப்பைத் திரும்ப அதன் முன்னாலேயே வைத்தது.

"போன பொருள் திரும்பி வருதே" என்று சடையன் அசந்துபோனது.

மறுநாள் விடிந்ததும், செருப்பைக் கவ்விக்கொண்டு சடையனே செம்பியின் வளைக்கு ஓடிவந்தது. "இந்தா தங்கச்சி, எடுத்துக்கோ. பந்தும் வேணுமா?"

பாதை காலியாகக் கிடந்தது. மூன்று குட்டிகளும் ஓடிப்போய் வயிறு புடைக்கத் தண்ணீர் குடித்தன. செம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

செய்தி கேட்டு நரியும் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. அதைக் கண்ட சடையன் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஆசையோடு ஓடியது. "மாமா, நில்லுங்க. வந்து பிடுங்குங்க."

நரிக்கு மிச்சமிருந்த வால் முடி ஞாபகம் வந்தது. அது ஓடிய ஓட்டத்தில் சுனையையும் தாண்டிப் போய்விட்டது.

நீதி: பறிக்க வந்தால் பிடி இறுகும், கொடுக்க வந்தால் பிடி தளரும்.