இறக்கி வைக்க ஓரிடம்

திருமணற்கரை இளைப்பாற்றீசர் கோயிலுக்கு விடியற்காலையில் ஆற்றுநீர் சுமந்து வந்தவர் செண்பகவடிவு அம்மையார். ஆற்றில் முழுகி, ஒரு செப்புக்குடத்தில் நீர் முகந்து, தலையில் சும்மாடு வைத்துக் குடத்தை ஏற்றிக்கொண்டு, மணல்மேடு ஏறி, புளியந்தோப்பைக் கடந்து, சந்நிதித் தெரு வழியே வந்து வாசற்படியில் அர்ச்சகர் கையில் கொடுப்பார். கேட்பதற்கு இவ்வளவுதான். ஆனால் அதற்கு ஒரு கட்டு இருந்தது. ஈசன் திருமுடியில் ஊற்றும் நீருள்ள குடம் வழியில் தரையைத் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் அன்றைய திருமஞ்சனம் கெட்டது, சுமந்தவரின் தொண்டும் அன்றோடு முடிந்தது.

அம்மையாருக்கு முன் அந்தக் குடத்தைச் சுமந்தவர் அவருடைய அக்காள் மரகதம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோனார். அப்படி இறந்தவர்களுக்குச் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். தோள் உயரத்தில் இரண்டு கல்தூண், அவற்றின்மேல் குறுக்கே ஒரு நீளக்கல். வயிற்றுச் சுமை இறங்காமல் போனவளின் பெயரால், போகிறவர் வருகிறவர் தலைச்சுமையாவது இறங்கட்டும் என்று பெற்றவர்கள் அழுதுகொண்டே புளியந்தோப்பில் அதை நட்டார்கள். ஊரார் அதை மரகதம் கல் என்றே சொன்னார்கள்.

தொண்டு தங்கையிடம் வந்து சில ஆண்டுகளில், ஒரு மாசி மாதத்தில் அவரை மூட்டுக்காய்ச்சல் பிடித்தது. காய்ச்சல் போயிற்று. போகிற அவசரத்தில் களைப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிற்று. வயலில் வேலை செய்தவருக்கு வருகிற அசதி வேறு, இது வேறு. அந்த அசதி ஒரு வாய் கஞ்சி குடித்துப் படுத்தால் தீரும். அம்மையாருடையது உறங்கி எழும்போதே உடன் எழுந்து வந்தது. எலும்புக்குள் ஈர மணலைக் கொட்டி வைத்தது போலக் கை கால் கனக்கும். சில நாள் ஒன்றுமே இல்லாதது போல உடம்பு இலேசாக இருக்கும். அந்த நாட்கள்தான் பொல்லாதவை. தேறிவிட்டோம் என்று நம்பி, வீட்டை மெழுகி, நெல் குத்தி, துணி துவைத்துப் போட்டால், மறுநாள் பாயை விட்டுத் தலை தூக்க முடியாது.

பலமுறை ஏமாந்தபின் அம்மையார் தம் உடம்பின் தந்திரத்தைப் பிடித்துவிட்டார். களைத்தபின் உட்கார்ந்தால் அது கேட்பதில்லை, களைக்கும் முன்பே உட்கார வேண்டும். அதனால் இலேசான நாளானாலும் கனத்த நாளானாலும், குடத்தை மரகதம் கல்லின்மேல் வைத்துவிட்டு அதன் காலடியில் அமர்ந்து, மூச்சு அடங்கும்வரை ஈசன் திருப்பெயரைச் சொல்லுவார். பிறகு எழுந்து நடப்பார். குடம் கல்லில்தான் இருந்தது, தரையைத் தொடவில்லை. பழைய அர்ச்சகரும் அதில் குற்றமில்லை என்று சொல்லியிருந்தார். நெல் குத்துவதை மாலைக்குத் தள்ளினார். துவைப்பதை இரண்டு நாளுக்குப் பிரித்தார். மிச்சம் பிடித்த வலுவையெல்லாம் அந்த ஒரு குடத்துக்கென்று எடுத்து வைத்தார். இதுவே அவருடைய தவம்.

ஊருக்கு இது விளங்கவில்லை. அம்மையார் முகத்தில் நோய் எழுதியிருக்கவில்லையே! கன்னம் ஒட்டவில்லை, கண் மஞ்சளிக்கவில்லை. அப்படிப்பட்டவர் சாமி குடத்தை வைத்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தால் வாய் சும்மா இருக்குமா? "உக்காந்தம்மை" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஆற்றங்கரையில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அம்மையார் காதில் விழும். விழாதது போல நடப்பார். விழாதது போல நடப்பதற்கும் கொஞ்சம் வலு செலவாகத்தான் செய்தது.

சிரித்தவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். கோயில் மணியம் பார்த்த தாண்டவராயரை மன்னிக்க இந்தக் கதையைச் சொல்பவனால் ஆகாது. பெயரின் முடிவில் இருக்கும் அந்த மரியாதையையும் இப்போதே எடுத்துவிடுகிறேன். தாண்டவராயன். நீர் சுமக்கும் பெண்ணுக்குப் பங்குனித் திருவிழாவில் சாமி கழுத்திலிருந்து முதல் மாலை இறங்கும். அந்த மாலை தன் மனைவி கழுத்துக்கு வர வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அதற்கு அம்மையார் விலக வேண்டும்.

ஒருநாள் காலை அவன் தோப்பில் வந்து எதிரே நின்றான்.

"ஏ வடிவு, ஒனக்கு என்ன நோவு?"

"அசதி, மணியக்காரரே."

"அசதியா? மொகத்தப் பாத்தா நல்லாத்தான இருக்க. நேத்து மூச்சு வாங்குச்சு, உக்காந்த, சரி. இன்னைக்கு மூச்சுகூட வாங்கல. எதுக்கு உக்காந்திருக்க?"

"மூச்சு வாங்கக் கூடாதுன்னுதான் உக்காந்திருக்கேன்."

தாண்டவராயன் தன்னோடு வந்த ஆட்களைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "கேட்டியளா? நனையப் போறேன்னு வெயில்ல கொடை பிடிக்கா இவ! சாமி வேலயில சோம்பேறிக்கு எடமில்ல. இது செத்தவ கல்லு. இதுல வச்ச தண்ணி தீட்டு."

மறுநாள் அம்மையார் குடத்தோடு தோப்புக்கு வந்தபோது கல் இருந்த இடத்தில் இரண்டு குழிகள் இருந்தன. தூண்கள் தாண்டவராயன் வீட்டுத் தொழுவத்துக்குப் போயிருந்தன. மேலே கிடந்த நீளக்கல் அவன் கிணற்றடியில் துவைக்கிற கல்லாகக் கிடந்தது. அக்காளின் பெயரைத் தாங்கிய கல்லின்மேல் அவன் வேட்டியை அடித்துத் துவைத்தார்கள்.

அன்றும் அதன் மறுநாளும் அம்மையார் நிற்காமல் நடந்தார். மூன்றாம் நாள் சந்நிதித் தெருவில் கால் மடங்கியது. விழும்போதும் குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டுதான் விழுந்தார். ஆனாலும் குடத்தின் அடி மண்ணில் பட்டுவிட்டது. அதைப் பார்ப்பதற்கென்றே கோயில் வாசலில் தாண்டவராயன் நின்றிருந்தான். குடம் அவன் மனைவியிடம் போயிற்று.

அடியார்கள் துன்பத்தில் பொறுமை வேண்டுவார்கள் என்று கேட்டிருக்கிறோம். செண்பகவடிவு அம்மையார் அப்படி வேண்டவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சந்நிதிக்குப் போனார். நிற்க முடியாமல் கொடிமரத்தடியில் உட்கார்ந்து, சாமியைப் பார்த்து நேராகக் கேட்டார்.

"ஒம் பேரு என்ன? இளைப்பாத்துதவரு. அந்தப் பேருக்கு நீ என்னய்யா செஞ்ச? எனக்கு இருந்தது ஒரே ஒரு கல்லு. அதையும் பிடுங்க விட்டுட்டுப் பாத்துக்கிட்டு இருந்த. எனக்குப் பொறுமை வேண்டாம், அது நெறைய இருந்து தீந்துபோச்சு. சொகமும் வேண்டாம். எங் களைப்ப அவந் தோள்ல வையி. எறக்கி வைக்க எடமில்லாம அவன் நிக்கணும். நிக்கத நான் பாக்கணும். அதுவரைக்கும் ஒன்னக் கும்பிடுவேன், ஆனா ஒங்கிட்ட பேச மாட்டேன்."

சொன்னபடியே இருந்தார். நாள்தோறும் வருவார், கொடிமரத்தடியில் அமர்வார், கைகூப்புவார், வாய் திறக்காமல் போவார். கடவுள்மேல் அவ்வளவு உரிமையோடு கோபித்துக்கொள்ள எத்தனை நம்பிக்கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

பங்குனித் திருவிழா வந்தது. சாமி காலையில் பல்லக்கேறி ஆற்றுக்குப் போய்த் திரும்புவது வழக்கம். பல்லக்கைச் சுமப்பவர்களைச் சீர்பாதம் தாங்கிகள் என்பார்கள். தாண்டவராயன் பட்டுத் தலைப்பாகையோடு முன்னால் நடந்தான். அவன் மனைவியிடம், மாலை போடும் நேரத்துக்குக் கோயிலுக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தான்.

ஆற்றிலிருந்து திரும்பும்போது, புளியந்தோப்பில் அந்த இரண்டு குழிகள் இருந்த இடத்தில் பல்லக்கு நின்றது. தூக்கியவர்கள் பல்லைக் கடித்து முயன்றார்கள், ஓர் அடி நகரவில்லை. முட்டுக்கொடுக்க வைத்திருந்த கோல்கள் கரும்பு ஒடிவது போல ஒடிந்தன. முன்தண்டைத் தாங்கிய பலவேசம் முழங்கால் இற்றுச் சாய்ந்தார். பல்லக்கு முன்னால் சரிந்தது. சாமி விழுந்தால் மணியக்காரன் தலை என்னாவது? தாண்டவராயன் பாய்ந்து தன் தோளைத் தண்டுக்கு அடியில் கொடுத்தான்.

கொடுத்த நொடியில் மற்றவர்கள் தோளில் பாரமே இல்லை. பூக்கூடை சுமப்பது போல இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். அத்தனையும் அந்த ஒரு தோளில் இறங்கியிருந்தது. அவனுக்குப் பதிலாக வேறொருவர் தோள் கொடுக்க வந்தால் பல்லக்கு ஆடிச் சரியப் பார்த்தது. விலகினால் நின்றது.

"எறக்குங்கல! கீழ எறக்குங்கல!" என்று கத்தினான் தாண்டவராயன்.

பலவேசம் தரையில் கிடந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். "சாமியத் தரையில வைக்கலாமா மணியக்காரரே? கொடம் பட்டதுக்கே தொண்டப் புடுங்கினியளே!"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் இறக்கவும் ஒருவரும் முன்வரவில்லை. வெயில் ஏறியது. தாண்டவராயனின் நாக்கு வறண்டது, பட்டுத் தலைப்பாகை அவிழ்ந்து மண்ணில் விழுந்தது. அப்போது பல்லக்கினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது.

"எனக்குக் களைப்பாக இருக்கிறது. நான் இளைப்பாற வேண்டும். என் வடிவு இளைப்பாறிய கல் எங்கே?"

ஊரே தாண்டவராயன் வீட்டுக்கு ஓடியது. கிணற்றடியில் அவன் மனைவி உவர்மண்ணைப் போட்டுத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியை உருவி எறிந்துவிட்டுக் கல்லைத் தூக்கினார்கள். தொழுவத்துத் தூண்களைப் பிடுங்கினார்கள், மாடுகள் தெருவில் ஓடின. வேறு சிலர் அம்மையாரின் குடிசைக்கு ஓடி, கையெடுத்துக் கும்பிட்டு அழைத்தார்கள். தூக்கிக்கொண்டு போகிறோம் என்றும் சொன்னார்கள். அவர் தம் காலாலேயே வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

புறப்பட்டவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். எழுந்தார். மடத்துச் சுவர் ஓரம் உட்கார்ந்தார்.

"அம்மா, அங்க மணியக்காரரு உசுரு போவுது, வெரசா வாங்க!"

"வெரசா நடந்து நான் ஒருதரம் விழுந்தாச்சு. வழியில ஒரு கல்லு இருந்துது. அது இருந்தா இந்நேரம் வந்திருப்பேன்."

அவருடைய நடையே அவ்வளவுதான் என்பது உண்மை. ஆனால் அன்று மடத்துச் சுவர் ஓரம் வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே உட்கார்ந்தார் என்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

கடைசியில் கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மையார் தாண்டவராயனுக்கு நேர் எதிரே, முன்பு அவன் நின்ற அதே இடத்தில் நின்றார். அவன் கண்ணில் நீர் வழிந்தது.

"தாயி, தோளு இத்துப்போச்சு. நிக்க முடியல. ஒரு வார்த்த சொல்லு தாயி."

அம்மையார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "மொகத்தப் பாத்தா நல்லாத்தான இருக்கீரு?"

அவன் விம்மினான். அவனால் தலையைக் குனியக்கூட முடியவில்லை. தண்டு கன்னத்தை அழுத்திக்கொண்டிருந்தது.

தூண் நடுவதற்கு ஆட்கள் குழியைத் தூர்வாரினார்கள். அம்மையார் ஒரு புளிய வேரில் அமர்ந்துகொண்டு சொன்னார்: "நல்லா ஆழமாத் தோண்டுங்கய்யா. அவசரமில்ல. இனி ஒருத்தனும் புடுங்கக் கூடாது." அவர்கள் ஆழமாகவே தோண்டினார்கள். தூண்களை நிறுத்தி, மண் தள்ளி, மிதித்து இறுக்கி, மரகதம் கல்லை மேலே ஏற்றினார்கள். அதுவரை தாண்டவராயன் நின்றான். கல்லைப் பிடுங்கியவன் கல்லுக்குப் பதிலாக நின்றான்.

தண்டு கல்லின்மேல் அமர்ந்ததும் பல்லக்கு தானே இலேசானது. அவன் வேரற்ற வாழைபோலச் சரிந்தான். சாமி கழுத்தில் கிடந்த முதல் மாலை, எந்தக் கையும் படாமல் நழுவி, கல்லின் காலடியில் உட்கார்ந்திருந்த அம்மையார் மடியில் விழுந்தது. அம்மையார் பல்லக்கை நிமிர்ந்து பார்த்தார். நெடுநாள் கழித்து வாய் திறந்தார்.

"களைப்பு தீந்துச்சாய்யா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, அங்கேயே அழுதார்.

மறுநாள் முதல் செப்புக்குடம் அவர் தலைக்கே திரும்பியது. அவருடைய நோய் தீரவில்லை. அவர் அதைக் கேட்கவும் இல்லை. உயிர் இருந்தவரை, களைக்கும் முன்பே உட்கார்ந்து, எழுந்து, ஈசனுக்கு நீர் சுமந்தார். உக்காந்தம்மை என்ற பெயரை ஊர் இப்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னது.

தாண்டவராயன் பிழைத்தான். ஆனால் அன்று தோளில் ஏறிய களைப்பு அவனை விட்டு இறங்கவே இல்லை. வீட்டிலிருந்து ஆற்றுக்குப் போவதற்குள் ஒருமுறையாவது உட்கார வேண்டும், உட்கார அந்த வழியில் இருந்தது ஒரே இடம். முதல் முறை அவன் வந்து கல்லின் அருகே தயங்கி நின்றபோது அம்மையார் அங்கே இருந்தார். அவன் வாய் திறக்கும் முன் அம்மையார் சற்று நகர்ந்து, பக்கத்து வேரைக் கையால் தட்டிக் காட்டினார். அவன் அமர்ந்தான். அவனோடு அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. மன்னித்தாரா என்று கேட்டால், இல்லை. உட்கார இடம் கொடுத்தார்.

இன்றும் பங்குனியில் பல்லக்கு அந்தக் கல்லில் சாய்ந்து நின்ற பிறகே கோயிலுக்குத் திரும்பும் என்பது கதை. அம்மையாரின் களைத்த பாதங்களை வணங்குவோம். தமக்கு நீர் சுமந்தவள் அமர்ந்த இடத்தில் தாமும் அமர்ந்த ஈசனை, அவளுக்கு அடுத்தபடியாக வணங்குவோம்.